பக்கத்து வீடு இல்லாத சுவர்

வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள், செருப்பை ஓரமாகத் தள்ளினாள், போகிற போக்கில் படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். பழக்க தோஷம். தட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அட கூறுகெட்டவளே, குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டதா? இது தனி வீடு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் குடியிருக்கவில்லை. தன்னை நினைத்துத் தானே சிரிக்க வாயெடுத்தாள்.

சுவர் திருப்பித் தட்டியது.

ஒரே ஒரு தட்டு. அவசரமில்லாமல், அவள் தட்டிய அதே உயரத்தில்.

கூடத்தில் மகள் வாண்டு தரையில் குப்புறப் படுத்து ஏதோ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டி தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடி முனக ஆரம்பித்தது. புதுப் பெயின்ட் வாடையும் ஈரச் சிமென்ட் வாடையும் கலந்து மூக்கை அரித்தன. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டில்மேல் நீளமாக விழுந்து கிடந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்ப் பார்த்தாள். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடம், கொத்தனார் விட்டுப்போன ஈர மணல். மணலில் ஒரு காலடிகூட இல்லை. மதிலுக்கு அப்பால் வெறும் மனை, முழங்கால் அளவு புல். தெருவில் எல்லா விளக்கும் எரிந்தது, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, ஒரு குரலும் இல்லை. இந்த அமைதிக்குத்தானே அடம்பிடித்து வந்தாய், அனுபவி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

அடம்பிடித்தது அவள்தான். பழைய வீடு நகரத்தின் நட்டநடுவே, மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் தையல்கார அக்கா, தனிக்கட்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்; அக்காவின் மிஷின் ஓடினால் இவள் வீட்டு அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்கும். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் சுவரில் ஒரு தட்டு, வந்துட்டேன் என்று. அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு, சரி என்று. விடாமல் தடதடவென்று தட்டினால் ஆபத்து. கேட்டவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கதவை உலுக்கிக் கத்த வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை, அது பாட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் எவனோ அக்கா வீட்டுக் கதவை நெம்பினான். சுவர் தடதடத்தது. இவள் துடைப்பத்தோடு ஓடிப்போய்ப் போட்ட கூச்சலில் கட்டிடமே திரண்டுவிட்டது. அவன் படியில் உருண்டு விழுந்து ஓடினான். அக்கா இவள் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருக்கிற வரைக்கும் எனக்கு என்னடி பயம்?" என்றாள்.

மறுநாளே இவள் வேறு வீடு தேட ஆரம்பித்தாள்.

"அங்க செயின அறுத்தான், இங்க பைக்க தூக்கினான். நீ வாயத் தொறந்தா வேற பேச்சே கிடையாதா?" என்று புருஷன் அலுத்துக்கொண்டான். கூரியர் கிடங்கில் மாலை ஷிஃப்ட் மேற்பார்வை அவனுக்கு. சாயங்காலம் எந்த நாளும் வீட்டில் இருக்கமாட்டான். "ஊருக்கு வெளிய மட்டும் திருடன் வரமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கானா?"

"அங்க வாட்ச்மேன் இருக்காரு. கேமரா இருக்கு. தெரு பூரா விளக்கு இருக்கு."

"மனுஷங்க இருக்காங்களா?"

"இருப்பாங்க, அவங்கவங்க வீட்டுக்குள்ள. உங்க பொண்ணுக்கு ஒண்ணு ஆனா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். 

அக்காவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் அக்கா லைனிங் துணி வாங்கக் கடைவீதிக்குப் போன நேரமாகப் பார்த்துச் சாமானை வண்டியில் ஏற்றினாள். கீழே கடை போட்டிருந்த இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியைக் கையில் பிடித்தபடி, "அக்கா வரட்டுமேம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமே" என்றார். "போன்ல பேசிக்கிறேண்ணே" என்றாள். பேசவில்லை. அக்கா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வது? உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன் என்றா?

புது வீட்டுச் சுவர் பதில் தட்டிய மறுநாள் வேண்டுமென்றே தட்டவில்லை. கையைக் கழுவி, மகளுக்குச் சாப்பாடு போட்டு, துணியை மடிக்க உட்கார்ந்தபோது சுவரே தட்டியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. கேள்வி கேட்கிற மாதிரி. வந்துட்டியா? கையிலிருந்த துணியை மார்போடு சேர்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் தட்டியது. எப்படியாவது நின்றால் போதுமென்று எழுந்துபோய் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றுவிட்டது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, குழந்தைகள் காப்பகத்திலிருந்து வாண்டுவைக் கூட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அந்த வெளிச்சமான தெருவில் நடந்து, பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் அந்தத் தட்டு அவளுக்குத் தேவைப்பட்டது. வெட்கக்கேடு. அக்காவின் போனை எடுக்க மாட்டாளாம், சுவரில் மட்டும் பதில் வேண்டுமாம். புருஷனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் சிரிப்பான். சிரித்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" என்று கேட்பான்.

ஒரு நாள் மழை மூட்டம். சீக்கிரமே இருட்டிவிட்டது. வாண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது படுக்கையறைப் பக்கம் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. குழாயை நிறுத்தினாள்.

தடதடதடதடவென்று சுவர் அதிர்ந்தது.

விடாமல். முட்டியால் இல்லை, கை முஷ்டியால். அறை வாசலில் போய் நின்றாள். சுவரில் மாட்டியிருந்த படம் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நொடி நின்றது. தரையோடு எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. மறுபடி தடதடவென்று, இந்தத் தடவை சுவரின் கீழ்ப்பாதியிலிருந்து.

அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

இஸ்திரிக்கார அண்ணனின் எண் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. என்ன சொல்வது? எங்க வீட்டுச் சுவர் தட்டுது, மேல போய் அக்காவைப் பாருங்க என்றா? சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவளுக்கு இப்போது என்ன அக்கறை என்று அவர் கேட்கமாட்டார். நல்ல மனுஷர். ஆனால் நினைப்பார். அவர் நினைக்கப்போவதை நினைத்தபோதே இவளுக்குக் காது மடல் எரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, தையல் அத்தை தட்டுறாங்க" என்றாள் வாண்டு.

"அதெல்லாம் இல்ல. தண்ணிக் குழாய்ச் சத்தம்."

"இல்லம்மா, அத்தைதான். அவங்க இப்படித் தட்டினா நீ ஓடணும்ல?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு!"

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கார்ட்டூனில் ஒரு பன்றி கெக்கெக்கே என்று சிரித்தது. மகள் தொலைக்காட்சியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரின் சத்தம் மெலிந்து, இடைவெளி விழுந்து, கடைசியில் நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஆகி, நின்றுபோனது.

மறுநாள் கடையில் இருக்கும்போது இஸ்திரிக்கார அண்ணன் கூப்பிட்டார்.

"விஷயம் தெரியுமாம்மா? நம்ம அக்கா போயிட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம் எவனோ உள்ள பூந்திருக்கான். நான் மழைன்னு கடைய மூடிட்டு முன்னாடியே போயிட்டேன் பாவி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்க பக்கத்துச் சுவத்துல கைய அடிச்சு அடிச்சு... விரல் முட்டியில தோலே இல்லம்மா. காலி வீடுன்னு தெரியாதா அவங்களுக்கு? எதுக்கும்மா அங்க போய்த் தட்டினாங்க?"

 கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை இறுக்கியதில் அது இரண்டாக முறிந்தது. தலைவலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்க்கப் போகலாம். போகத்தான் வேண்டும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

புருஷனிடம் போனில் சொன்னாள், சுவரைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு. அவன், "நீ சொன்னது சரிதான். நான்தான் கிண்டல் பண்ணிட்டேன். நல்லவேளை, நாம தப்பிச்சோம்" என்றான்.

அவள் வாழ்நாளில் யாரும் அவளை அப்படி அறைந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். தட்டவில்லை. தட்டுகிற அருகதை ஏது? சுவரும் தட்டவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், அப்பாடா, இனி தட்டாது என்று ஒரு நிம்மதி தலைநீட்டியது. அதைக் கண்டுகொண்டபோது தன்மேலேயே அவளுக்குக் குமட்டியது. அடுப்படித் தரையில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவில்தான் அது நினைவுக்கு வந்தது. ஒருமுறை காய்ச்சலில் படுத்துத் தூங்கிப்போய், தட்ட மறந்துவிட்டாள். இருட்டியதும் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உன் தட்டு வரலேன்னா நான் வந்து பாக்காம இருப்பேனாடி?" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே முழு இருட்டு.

வெளிக்கேட்டின் கொக்கி தூக்கப்படுகிற சத்தம் கேட்டது.

வாட்ச்மேனாக இருக்கும். இந்நேரத்துக்கு அவர் எதற்கு வருகிறார்? மணலில் கால் அழுந்தும் சத்தம். நிதானமாக. படுக்கையறை ஜன்னலில் ஒரு தட்டு. அப்புறம் குளியலறைக் கண்ணாடியில். தட்டிய விதம் அவளுக்குத் தெரியும். ஆனால் சத்தம் வேறு. தோல் இல்லாத எலும்பு கண்ணாடியில் படுகிற சத்தம்.

எழுந்து போய்த் தட்டலாம். ஒரே ஒரு தட்டு. வந்துட்டேன்கா, நல்லா இருக்கேன். அது போதும், திரும்பிப் போய்விடுவாள். கால் எழவில்லை.

அடுப்படி ஜன்னல். தலைக்கு நேர் மேலே.

டக்.

மூச்சை அடக்கினாள். துணி மூட்டை வாடை, மிஷின் எண்ணெய் வாடை, அதற்கு அடியில் துரு மாதிரி வேறொன்று.

வாசல் கதவு உலுங்கியது.

"வாண்டு! திறக்காத!" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். வாயில் முந்தானை இருந்தது.

கூடத்தில் ஸ்டூலை இழுக்கிற சத்தம். தாழ்ப்பாள். கதவு. மழைக்காற்று.

"வாங்க அத்தை" என்றாள் மகள், சந்தோஷமாக. "அம்மா உள்ளதான் இருக்காங்க. எதுக்கோ அழறாங்க."

சின்னக் கால்கள் வந்தன. கூடவே.

அவள் தலையைத் தூக்கவில்லை. பயம் இருந்தது, உடம்பெல்லாம் இருந்தது. ஆனால் தலையைத் தூக்கவிடாமல் அழுத்தியது பயம் இல்லை. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

"அம்மா" என்றாள் வாண்டு. ஓரக்கண்ணுக்குத் தெரிந்தவரை அவள் கை மேலே உயர்ந்திருந்தது, யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அங்கிருந்து முழங்கை வழியாக ஏதோ வழிந்து தரையில் சொட்டியது. "அத்தைக்குக் கை ரொம்ப வலிக்குதாம். ஊதி விடு."

மகளின் பாதங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள், நகமெல்லாம் மணல். கட்டைவிரல் இரண்டும் அவளைப் பார்த்து நின்றன.

"ஊதும்மா."

குனிந்த முகத்துக்குக் கீழே, மெதுவாக, அந்தக் கை நீண்டது.