பாட்டு போன பாடம்

அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் உதவியாளர். பதினொரு வருடமாக மெக்கானிக்குக்குப் பின்னால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவரே மெக்கானிக் ஆக ஒரு தேர்வில் தேற வேண்டும். போன தடவை நாலு மதிப்பெண்ணில் கோட்டை விட்டுவிட்டார்.

தேர்வுக்கு ஒரு பயிற்சி நிலையம் இணையத்தில் போட்டிருக்கும் எட்டு வீடியோ பாடங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, போனில் பாடத்தைப் போடுவார். பத்தாவது நிமிடம் குறட்டை கேட்கும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. அதனால் எட்டுப் பாடங்களிலும் முதல் பத்து நிமிடம் மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இதைப் பார்த்துத்தான் பெரியவள் நோட்டை எடுத்தாள். அவளுக்குப் பதினொரு வயது. மாலை வீட்டுப் பாடம் முடிந்ததும் வீடியோவைப் பார்த்து, எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று வரிசையாக எழுதினாள். எழுதியதை ஒருமுறை சரிபார்ப்பாள். சரிபார்த்தது சரிதானா என்று இன்னொரு முறை பார்ப்பாள்.

“அக்கா, கொட்டாவி விட்டா அதுக்கும் நேரம் எழுதுவியா?” என்பான் தம்பி, சின்னவன்.

“உனக்குன்னா எழுதலாம். பக்கம்தான் பத்தாது.”

மூன்று வாரத்தில் எட்டுப் பாடமும் முடிந்தது. இனி அப்பா முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் கிடைக்கும். மறந்துபோன இடத்தை நோட்டில் தேடி, நேரே அங்கே போய்விடலாம்.

வியாழக்கிழமை மாலை அப்பா வந்தார். நோட்டை மேசையில் மெதுவாக வைத்தார். சனிக்கிழமை தேர்வு.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. ‘பதினாலு நிமிஷம் இருபது செகண்டு, பிரேக் எப்படிப் பிடிக்குது’ன்னு எழுதியிருக்கே. அங்க போனா வாத்தியார் கண்ணாடியைத் துடைச்சிட்டிருக்கார்.”

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. “மத்த இடமெல்லாம்?”

“நாலு இடம் பாத்தேன். எதுவும் சரியா வரல. பரவாயில்ல விடு, எனக்காக எவ்வளவு உக்காந்து எழுதினே.”

அந்தப் ‘பரவாயில்ல’தான் அவளை அதிகம் வருத்தியது. எல்லாமே தப்பா? நூற்று அறுபது வரியும்? கடிகாரம் பார்க்கவே தெரியாதவள் மாதிரியா எழுதியிருக்கிறாள்?

நோட்டைத் திறந்து வைத்தாள். பிறகு போனைக் கேட்டு வாங்கினாள்.

பிரேக் பகுதியைத் தேடிப் பிடித்தாள். பதினொரு நிமிடம் பத்து வினாடியில் இருந்தது. கதவுப் பூட்டு பற்றிய பகுதியை இருபத்தேழு நிமிடம் ஐந்து வினாடி என்று எழுதியிருந்தாள். அது இருபத்து மூன்று நிமிடம் ஐம்பத்தைந்து வினாடியில் இருந்தது. இரண்டையும் ஓரத்தில் கழித்துப் பார்த்தாள்.

“அப்பா, ரெண்டுலயும் மூணு நிமிஷம் பத்து செகண்டு தள்ளியிருக்கு.”

“அதெப்படி ரெண்டுலயும் ஒரே மாதிரி தள்ளும்?”

“தெரியல. முதல்லேருந்து போட்டுப் பாக்கறேன்.”

வீடியோ ஓடத் தொடங்கியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்து, நிறுத்து. பாட்டு எங்க?”

“எந்தப் பாட்டு?” என்றான் சின்னவன்.

“முதல்ல ஒரு பாட்டு வருமே. அப்புறம் டை கட்டின ஒருத்தர் வந்து வணக்கம் சொல்லுவாரே. எத்தனை ராத்திரி கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

பாட்டும் இல்லை, டை கட்டியவரும் இல்லை. எட்டுப் பாடங்களையும் திறந்து பார்த்தார்கள். அவள் எழுதி முடித்த பிறகு பயிற்சி நிலையத்தார் எல்லாவற்றிலும் அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருந்தார்கள். சரியாக மூன்று நிமிடம் பத்து வினாடி.

பெரியவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். “நான் தப்பா எழுதல.”

“நீயாவது தப்பா எழுதறதாவது. இனி நானே மூணு பத்தைக் கழிச்சுக்கறேன்” என்றார் அப்பா.

“சரி, இருபது நிமிஷம் அஞ்சு செகண்டுலேருந்து கழிங்க.”

“பதினேழு... இல்ல, அஞ்சுலேருந்து பத்து போகாது... கடன் வாங்கி...” அப்பா கூரையைப் பார்த்தார்.

“அப்பா, அதுக்குள்ள சாப்பாட்டு நேரமே முடிஞ்சிரும்” என்றான் சின்னவன்.

பெரியவள் பச்சைப் பேனாவை எடுத்தாள். பழைய நேரத்தைச் சின்னவன் படித்தான். அவள் கழித்துப் பக்கத்தில் எழுதினாள். அப்பா அந்த இடத்தைப் போனில் ஓடவிட்டு, “சரி” என்றார். சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டபோது நான்கு பாடங்கள் முடிந்திருந்தன. மீதியை வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் முடித்தார்கள். ஒவ்வொரு இடமாக ஓடவிட்டதில், இந்தத் தடவை அப்பா தூங்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் அப்பா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். இன்னொரு கையில் முத்திரை போட்ட ஒரு தாள்.

“பிரேக்கைப் பத்தித்தான் முதல் கேள்வி. தேறிட்டேன் கண்ணு.”

“எங்க, காட்டுங்க.”

பெரியவள் தாளை வாங்கி, அப்பாவின் பெயர், தேதி, மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். திரும்பவும் ஒருமுறை படித்தாள்.

“அதான் ரெண்டு தடவை சரிபாத்துட்டியே, என்கிட்ட குடு” என்று கையை நீட்டினான் சின்னவன்.

“இருடா” என்று அவள் மூன்றாவது முறை படிக்கத் தொடங்கினாள். இந்த முறை சரிபார்க்க அல்ல, சந்தோஷத்துக்கு.