புளியமரத்து ஆணி

கரியில் ஓடும் பஸ் எழுமலையில் நின்றபோது பகல் பதினொன்று நாற்பது.

அது 1943, சித்திரை. லாசர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தோல்பையுடன் இறங்கினார். மனைவி அற்புதமேரி பின்னால் இறங்கினாள். அவளுடைய அண்ணன் விருமாண்டியின் வீட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டும். பாதி வழியில் அந்தப் புளியமரம் நின்றது.

லாசர் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். வீடு விளாங்குடியில். கோடை விடுமுறையில் மண்டபம் போய், கடற்கரையில் நின்று தூண்டில் வீசுவார். மூன்று நூலை முறுக்கி, வேலம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கயிறு செய்வார். ஈயத்தை உருக்கிக் களிமண் அச்சில் ஊற்றிக் குண்டு செய்வார். முள் மட்டும் சீமையிலிருந்து வந்தது. யுத்தம் தொடங்கியபின் வரவில்லை. கடைகளில் கம்பியும் இல்லை.

மரத்தில் ஆணி இருந்தது.

பேய் பிடித்தவர்களின் உச்சி முடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அடிப்பார்கள். பிறகு முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும். ஆள் வீட்டுக்குப் போகலாம்.

அற்புதமேரி பதினாறு வயதில் அப்படி வீட்டுக்குப் போனவள். அப்போது அவள் பெயர் மாயக்காள். அதற்கு முன் பதினொரு மாதம் அவளுக்குள் ஒச்சாயி இருந்தாள். புருஷன் அடித்துக் கொன்று, தண்ணீரில்லாத கிணற்றில் போட்டவள். ஒச்சாயி மாயக்காளின் பல்லாலேயே மாயக்காளின் கையைக் கடித்தாள். இடது முன்கையில் தழும்புகள் இன்னும் இருந்தன.

கல்யாணமான புதிதில் அவள் இதை அழுதுகொண்டே சொன்னாள். லாசருக்கு ஆணிகள் நினைவிருந்தன.

பையிலிருந்து குறடு எடுத்தார்.

"ஏங்க, வேணாங்க."

"பேய்க்கு ஆணி எதுக்கு? எனக்கு மீன் பிடிக்கணும்."

"மத்ததை எடுத்துக்கங்க. அது ஒண்ணை மட்டும் விட்டுருங்க."

"எது?"

அவள் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

அவள் கண் போன இடத்துக்கு லாசர் போனார். நெஞ்சு உயரத்தில் ஒரு சதுர ஆணி. கொல்லன் அடித்தது. ஒன்பது வருஷத்தில் பட்டை வளர்ந்து அதன் தலையை விழுங்கப் பார்த்திருந்தது. முடி நரைக்காமல் இருந்தது.

அதை முதலில் பிடுங்கினார்.

சேற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

மற்ற ஆறு ஆணிகளுக்கு வியர்க்க வேண்டியிருந்தது. உச்சி வெயிலில் மர நிழல் அடிமரத்தோடு சுருங்கிக் கிடந்தது. காற்று இல்லை. அற்புதமேரி அந்த ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தாள்.

ஈரமாயிருந்தது.

*

விளாங்குடி வீட்டுக் கொல்லையில் லாசரின் உலை இருந்தது. ஆணியைச் சிவக்கக் காய்ச்சித் தட்டி நீட்டினார். அரத்தால் முனை சீவினார். கடித்த மீன் கழன்றுவிடாதபடி முனைக்குச் சற்றுக் கீழே உளியால் ஒரு வெட்டு. வெட்டியதை நெம்பிவிட்டால் அதுவே முள்ளின் நாக்கு. பிறகு ஒரு முளையில் வைத்து வளைத்தார்.

ஆணி இரும்பு மெத்தென்றிருக்கும். பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும். அதற்கு வழி உண்டு. கரி, மாட்டுக் குளம்பு, தோல், முடி இவற்றோடு முள்ளை மண்சட்டியில் வைத்து, களிமண்ணால் வாயை மூடி, இரண்டு மணி நேரம் உலையில் சிவக்கவிட்டுத் தண்ணீரில் போட்டால் மேல்தோல் எஃகாகும்.

குளம்பு போதவில்லை. ஆணிகளிலிருந்து உருவிய முடியையெல்லாம் சட்டியில் போட்டார். அவளுடையதைக் கடைசியாக, சதுர ஆணியின் முள்மேல் சுற்றிப் போட்டார்.

"துருத்தியைப் பிடி."

பிடித்தாள். சட்டியின் விரிசல் வழியே புகை வந்தது. மயிர் கருகும் வாசனை வீடு முழுவதும் போய் உட்கார்ந்தது.

"மோந்து பாரு மேரி. உன் ஒச்சாயி வேகுறா."

அவள் துருத்தியை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஆறு முட்கள் சாம்பல் நிறமாக வெளிவந்தன. ஒன்று மட்டும் கறுப்பு. லாசர் அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தார். தொட்டதும் நகத்தைச் சீவியது.

"பாத்தியா? உன் பேயை வேலைக்கு வச்சுட்டேன்."

*

மண்டபத்துக்கு அவளையும் அழைத்துப் போனார். மீன் கழுவ ஆள் வேண்டும்.

முதல் நாள் நண்பகல். கடல் வெளுத்துக் கிடந்தது. கரையில் வேறு யாரும் இல்லை. காற்று லாசரின் தொப்பியைத் தூக்கிப் போனது. முப்பது வயதிலேயே முழுக்க வழுக்கை விழுந்த தலை வெயிலில் மின்னியது.

"ஓடு, எடு" என்றார்.

அவள் ஓடினாள்.

அவர் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றினார். ஈயக்குண்டு விர்ரென்று வட்டமடித்தது. அதன் பின்னால் கறுப்பு முள். நாலு சுற்று. ஐந்தாவது சுற்றில் கயிறு தாழ்ந்தது.

சின்னச் சத்தம்தான்.

அவள் தொப்பியுடன் திரும்பினாள். லாசர் மணலில் உட்கார்ந்திருந்தார். முள் உச்சந்தலையில் நாக்குவரை இறங்கியிருந்தது. ரத்தம் இரண்டு காதுகளின் பக்கமும் வழிந்தது. அவர் கத்தவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாயக்கா" என்றார்.

அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"இம்புட்டுத் தண்ணியா கெடக்கு?"

வாய் லாசருடையது. குரலை அவளுக்குத் தெரியும். பதினொரு மாதம் அவள் தொண்டையில் இருந்த குரல்.

மண்டபத்து வைத்தியர் முள்ளை இழுத்தார். அளவுக்கு மீறி இறுகிய இரும்பு வளையாது. முறிந்தது. முனையும் நாக்கும் எலும்புக்குள் நின்றுவிட்டன.

*

விளாங்குடியில் லாசர் தன் இடது முன்கையைக் கடிக்கத் தொடங்கினார். ஆறாம் நாள் விருமாண்டி எழுமலையிலிருந்து கோடாங்கி தவசியைக் கூட்டி வந்தான். அன்று அந்த மரத்தில் ஆணி அடித்தவர் அவர்தான். வந்ததும் லாசரின் தலையைத் தடவினார்.

"முடி எங்கய்யா?"

"மாப்ளைக்குக் கல்யாணத்தப்பவே கெடையாது" என்றான் விருமாண்டி.

"ஒரு கொத்து போதும்."

"கொத்து இருந்தா அவரு ஏன் தொப்பி போடுறாரு? மீசை ஆகாதா?"

"உச்சி முடிதான் கட்டும். மீசைக்கெல்லாம் அவ மசியமாட்டா." தவசி அற்புதமேரியைப் பார்த்தார். "பழைய ஆணியில இருந்த முடியாச்சும் இருக்கா தாயி?"

"உலையில போட்டாச்சு."

தவசி அவளருகே வந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வழிதான். அவளுக்குப் பழகின வீடு நீ. கூப்பிட்டா உங்கிட்ட வருவா. வந்ததும் உன் உச்சி முடியில கட்டி அடிச்சுர்றேன். ஒரு நிமிஷந்தான்."

"அந்த ஒரு நிமிஷத்துல ஆணி எறங்கலைன்னா?" என்றாள் அற்புதமேரி.

தவசி உடுக்கையைத் துடைத்தார்.

"என் தங்கச்சி பட்டது போதும்யா" என்றான் விருமாண்டி.

அப்போது லாசர் கண் திறந்தார். அது லாசர்தான். கையெல்லாம் பல் பதிந்து வீங்கியிருந்தது.

"மேரி, வாங்கிக்க. உனக்குப் பழக்கந்தானே. என்னால தாங்க முடியலை."

அவள் அவரையே பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் விருமாண்டி கொல்லைக்கு வந்தான். உலையில் நெருப்பு இருந்தது. மயிர் கருகும் வாசனை. அற்புதமேரி முக்காடு போட்டுத் துருத்தியருகே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லாசரின் சவரக்கத்தி கிடந்தது.

"என்ன தாயி கருகுது?"

"பழைய சட்டிண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

*

உச்சிப்பொழுதில் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். லாசரை அவருடைய மண்டபத்துக் கயிற்றாலேயே மரத்தோடு கட்டினார்கள். சதுர ஆணி இருந்த ஓட்டை அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

தவசி புது ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு உடுக்கை அடித்தார். லாசரின் உடம்பு கயிற்றுக்குள் முறுக்கியது. மேலே இலைகள் ஆடின. காற்று இல்லை.

"வா தாயி. எதிர்ல உக்காரு. முடியை அவுத்து விடு."

அவள் போய் உட்கார்ந்தாள். முக்காட்டை எடுத்தாள்.

உடுக்கை நின்றது.

அவள் தலையில் ஒரு முடி இல்லை. கத்தி தவறிய இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

விருமாண்டி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். தவசியின் வாயிலிருந்து ஆணி விழுந்தது.

லாசர் அவளைப் பார்த்தார். கண்கள் இன்னும் அவருடையவையாக இருந்தன. "மேரி" என்றார். "மேரி, ஏன்டி..."

மேலே சொல்ல வாய் அவரிடம் இல்லை.

உதடுகள் மெல்ல விரிந்தன. ஒச்சாயி அவளுடைய மொட்டைத் தலையை நிதானமாகப் பார்த்தாள். தழும்பேறிய கையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்ற இருவருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"மாயக்கா, இவனை எம்புட்டு நாளைக்கு வச்சுக்கிறட்டும்?"