காயாத கூடாரம்

பரணிலிருந்து இறக்கிய கூடாரப் பை ஈரமாக இருந்தது. போன வருடம் மலைப் பூங்காவுக்குப் போய்வந்ததும் மேலே தூக்கிப் போட்ட பை அது. அதன்பின் ஒரு கோடை முழுக்க மொட்டைமாடி வெயில் அந்தப் பரணை வறுத்தெடுத்திருந்தது. பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிகள் தொட்டால் நொறுங்குகிற மாதிரி காய்ந்து கிடந்தன. பை மட்டும் அவள் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்த மாதிரி.

அவள் எதற்கும் லேசில் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. பல் மருத்துவரிடம் உதவியாளர். சீழும் சொத்தையும் ஊர்ப்பட்ட வாய்நாற்றமுமாகப் பொழுதை ஓட்டுகிறவள். அவளே உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டாள். பையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள், வேலைக்கு மாட்டுகிற கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கூடத்தில் கணவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு கணினியில் பூங்காவில் கூடாரம் போட இடம் பதிவு செய்துகொண்டிருந்தான். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பதிவு திறந்த வேகத்தில் ஊரே வந்து விழும். ஆனால் அவன் தேடியது ஏதோ ஓர் இடத்தை அல்ல. போன தடவை தங்கிய அதே இடம், ஓடைக்கரையில், எல்லாக் கூடாரங்களுக்கும் அப்பால் தனியாக இருந்ததே, அதுதான் வேண்டும் என்றான். வேறு இடம் பார்க்கலாம் என்று அவள் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போன தடவை அக்கா வீட்டில் விட்டுப்போன மகளை இந்தத் தடவை கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும் என்று வேறு ஒற்றைக் காலில் நின்றான்.

கூடாரத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடலாமே என்று காலையில் கேட்டாள்.

"அத தொடாத. அங்க போய் விரிச்சுக்கலாம்."

அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் அவனுக்குத் தெரியாமல் இறக்கினாள்.

போன வருடம் அந்த மலையில் விடாத மழை. கூடாரத்தின் இழுகயிறு தளர்ந்துவிட்டது என்று இருட்டில் வெளியே போனவன் எப்போது திரும்பினான் என்று அவளுக்குத் தெரியாது. விழித்தபோது பக்கத்தில் சொட்டச் சொட்டப் படுத்திருந்தான். விடிந்ததும் அவளைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு மழையிலேயே தனியாகக் கூடாரத்தைச் சுருட்டினான். ஈரத்தோடு சுருட்டினால் வீட்டுக்கு வந்த கையோடு விரித்துக் காயப்போட வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அன்றைக்கு நேராகப் பரணில் ஏற்றினான். ஒரு வேலை மிச்சம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதிலிருந்து அவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் பல் துலக்குகிறான். சிரித்தால் கை வாயை மூடுகிறது. கடைவாய்ப் பல்லுக்கு மூடியாகப் போட்ட கேப்பைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று மருத்துவர் பலமுறை சொல்லியாயிற்று, ஏதாவது சாக்கு. படுக்கையில் அவன் பக்கம் மட்டும் ஒரு புழுங்கல் வாடை. அவள் உறையை மாற்றினாள், தலையணையை மாற்றினாள், கடைசியில் மெத்தையையே மாற்றிவிட்டுச் சுவரில் ஓதம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது பையின் ஜிப்பைத் திறந்ததும் அதே வாடை முகத்தில் அடித்தது. அவன் வாடை. அவன் கழுத்திலிருந்தும் வாயிலிருந்தும் வருகிற வாடை.

துணி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. புண்ணிலிருந்து கட்டைப் பிரிக்கிற சத்தத்தோடுதான் மடிப்பு விட்டது. உள்ளே கரும்பூஞ்சை, அதன்மேல் சாம்பல் நிறத்தில் கோழை, இழுத்தால் நூல் நூலாக நீண்டு வந்தது. அடுத்த மடிப்பில் மயிர். பூஞ்சையின் மயிர்தான் என்று நினைத்தாள். விரலால் ஒதுக்கினாள். மயிர் முளைத்திருந்தது துணியில் இல்லை. துணியோடு ஒட்டிக்கிடந்த வெளிறிய மெல்லிய தோலில். தோலில் ஒரு மச்சம்.

அடுத்ததைப் பிரித்தாள்.

கடைசி மடிப்பில் ஏதோ நெருடியது. எடுத்தாள்.

பல். கடைவாய்ப் பல். கேப் போட்டது.

கேப்பின் ஓரத்தில் சின்னக் கீறல். பொருத்தும்போது அவள் கை தவறி விழுந்த கீறல்தான், வேறு யார் பல்லிலும் அது இருக்க முடியாது. அடியில் ஈறு ஒட்டியிருந்தது. சிவப்பாக. ஒரு வருடம் கழித்தும் சிவப்பாக. அழுத்தியதும் கையுறையில் ரத்தம் கசிந்தது.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

மகளைக் கூப்பிட்டால் அவனும் வருவான். கூடத்துக்கு ஓடி, பிள்ளையை வாரிக்கொண்டு, காரில். அவ்வளவுதான். கதவை நோக்கித் திரும்பினாள்.

கதவு திறந்தது. இடுப்பில் மகளோடு அவன் நின்றான்.

"இடம் கெடச்சிருச்சு," என்றான். "அதே இடம்."

கூடாரத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்ததையும் பார்த்தான். சிரித்தான். வாயை மூடாமல், அகலமாக.

கேப் போட்ட பல் இருக்கவேண்டிய குழியில் ஒரு பொடிப் பல் நின்றது. வெள்ளையாக, அந்தக் குழிக்குப் போதாமல், சாய்ந்து. முனையில் உடைசல். மூன்று சக்கர வண்டியிலிருந்து விழுந்து மகள் உடைத்துக்கொண்ட முன்பல். போன வாரம் விழுந்ததும் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவள் கிண்ணத்தில் போட்டு வைத்தது. மறுநாள் காணவில்லை. தண்ணியில போயிருக்கும் என்று அவன்தான் சொன்னான்.

அந்தப் பல்லைச் சுற்றி ஈறு முழுக்கக் குழிகள். காலியாக.

"அம்மா," என்றாள் மகள், உதட்டை விரலால் விலக்கிக்காட்டி. "இன்னொண்ணும் ஆடுது. அப்பா ஆட்டிவிட்டாரு."

அவன் நாக்கு மெல்ல வெளியே வந்து, ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தது.