பயணி எண் இரண்டு

முத்துச்செல்வம் ஓர் ஆளுக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தான். காசு இரண்டு ஆளுக்குப் போயிருந்தது.

போட்டது நேற்றுக் காலை, தட்கலில். உரக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்துவிட்ட அமளியில், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை இன்று மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தான். போனைக் கிட்டே பிடித்தான், எட்டப் பிடித்தான். ஐம்பத்திரண்டு வயதுக் கண்ணுக்கு எங்கே பிடித்தாலும் தொகை இரட்டிப்பாகத்தான் தெரிந்தது. ஷிப்பிங் ஏஜென்சியில் இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவன் சரக்குக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் படிவம் நிரப்புகிறவன். தன் டிக்கெட்டை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. இதைப் பக்கத்து மேஜை டிக்சனிடம் காட்டுவதற்கே கூச்சமாக இருந்தது. காட்டினான்.

டிக்சன் போனை வாங்கி 'ரயில் மச்சான்' ஆப்பைத் திறந்தான். "அண்ணாச்சி, ரெண்டு பேருக்குல்லா போட்டிருக்கிய. பயணி ஒண்ணு, முத்துச்செல்வம். பயணி ரெண்டு, வெள்ளத்துரை."

"வெள்ளத்துரை எங்கப்பால்லா."

"குடும்பப் பேரு கேட்ட இடத்துல அப்பா பேரைப் போட்டியளோ?"

"பின்ன யாரு பேரைப் போட? நம்மகிட்ட வேற குடும்பப் பேரு எங்க கெடக்கு?"

"அதான். மெஷினு அதை இன்னொரு ஆளுன்னு நெனச்சிட்டு. மச்சான் உங்களுக்கு நல்லா ஆப்பு வச்சிட்டான்." டிக்சன் சிரித்தான். பிறகு திரையை விரலால் பெரிதாக்கினான். "ஆனா வயசு எழுவத்தொம்பதுன்னு இருக்கே. அதையும் நீங்கதான் போட்டியளா?"

அவன் போடவில்லை.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அப்போது வயது எழுபத்தெட்டு. இருந்திருந்தால் போன வாரம்தான் எழுபத்தொன்பது முடிந்திருக்கும்.

"நீங்க கன்ஃபார்ம். அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட், மூணு" என்று சொல்லி டிக்சன் போனைத் திருப்பிக் கொடுத்தான். முத்துச்செல்வம் மீன் குழம்பு இருந்த டப்பாவை அப்படியே மூடிவைத்தான். காரணம் மீன் இல்லை. 'வெயிட்டிங் லிஸ்ட்' என்ற சொல்.

போன வருஷம் மகள் வடிவுக்குச் சென்னையில் பட்டமளிப்பு விழா. பேத்தி கறுப்புக் கோட்டுப் போட்டு மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆத்தூரிலிருந்து அப்பா போன் செய்தார். முத்துச்செல்வம் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தான். அங்கே தங்கப்போகும் மச்சினன் வீட்டு அடுக்குமாடி லிஃப்டில் அப்பா, அவருடைய மடித்துக் கட்டிய வேட்டி, வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் நின்று ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரல். "டிக்கெட்டுக்குப் போட்டிருக்கேன்பா, வெயிட்டிங் லிஸ்டுல இருக்கு" என்றான். அவன் போடவே இல்லை.

அப்பா அதை நம்பினார். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். "ஏலே, இன்னைக்கு எத்தன?" அவனும் யோசித்து, நம்பும்படியாக, முப்பத்தெட்டு, இருபத்தாறு, பதினேழு என்று இறக்கிக்கொண்டே வந்தான். பொய்யிலும் அவன் வேலை சுத்தம். ஆத்தூர் டீக்கடையில் அப்பா, "பதினேழுக்கு வந்துட்டேம்லா" என்று எல்லோருக்கும் சொன்னாராம். கிளம்பும் நாளன்று, "ஒண்ணுல வந்து நின்னுட்டுப்பா" என்று முடித்துவைத்தான்.

"ஒண்ணுதான லே? ஒருத்தன் வரலைன்னா ஏறிரலாம்லா?"

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தான். அன்று இரவு ஏசி பெட்டிக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது பிளாட்பாரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, மஞ்சள் பை. ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் நின்று, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. வெயிட்டிங் ஒண்ணு நாந்தான் சார். வெயிட்டிங் ஒண்ணு நாந்தான்.

முத்துச்செல்வம் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். மூன்று வாரம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். திரையை மூடியதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

* * *

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டான். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, மறுபடியும் ஒன்றை அழுத்திய பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், அனுசியா பேசுறேன். தங்கள் பொறுமைக்கு நன்றி."

சொன்னான். குடும்பப் பெயர், அப்பா பெயர், இரட்டைக் கட்டணம், எல்லாம். தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"ஒரே டிக்கெட்ல ரெண்டு பயணி சார். கேன்சல் பண்ணா ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் பண்ண முடியும்."

அது முடியாது. நாளைக்குச் சாயங்காலம் சென்னையில் வடிவுக்கு நிச்சயதார்த்தம். மனைவி பேச்சிச்செல்வி நான்கு நாள் முன்பே போயாயிற்று. முகூர்த்தக் காலம், பஸ்ஸிலும் இடமில்லை. தட்டு மாற்றப் பெண்ணைப் பெற்றவன் இல்லாமல் எப்படி?

"ரெண்டாவது ஆளை மட்டும் எடுத்திருங்கம்மா."

"அதுக்குக் காரணம் சொல்லணும் சார். திட்டம் மாறிவிட்டதா, உடல்நலம் சரியில்லையா?"

"இறந்துட்டாரும்மா."

"அந்த ஆப்ஷன் இல்ல சார்."

இறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. சுருக்கி அனுப்பினான். எழுத்துத் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. அப்பாவின் சாவை என்ன அளவில் அனுப்புவது என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்தபோது, டிக்சன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, ரெண்டுக்கு வந்துட்டு."

* * *

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தான். நான்கு நாளாக ஆள் புழங்காத கூடம். திரேஸ்புரம் மீனவர் தெருப் பக்கமிருந்து காற்றோடு கருவாட்டு வாடையும், அதற்கு அடியில் உப்பின் ஈரமும் வந்து சுவரில் படிந்திருந்தன. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தபின் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, தொண்டையைச் செருமுவதுபோல, 'க்ஹும்' என்றது. இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்ததா என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தபடி மறுபடியும் சேவை எண்ணைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான்.

"வணக்கம் சார், அனுசியா பேசுறேன்."

அதே பெண். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் மறுபடியும் அவளே.

"லைன்ல இருங்க சார்" என்றாள். மதியம் அங்கே புல்லாங்குழல் பாட்டு ஒன்று ஓடியது. இப்போது பாட்டு இல்லை. திறந்த வெளியின் இரைச்சல் கேட்டது. தூரத்தில் ஒலிபெருக்கி. தள்ளுவண்டிச் சக்கரம். யாரோ வெறுங்காலோடு சிமெண்டில் நடக்கிற சத்தம். நடந்தார், நின்றார். நடந்தார், நின்றார். பெட்டிக்குப் பெட்டி நின்று பார்க்கிறவரைப் போல.

முத்துச்செல்வம் மின்விசிறியை நிறுத்தினான். செருமல் நிற்கவில்லை. அது போனுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"காத்திருந்ததற்கு நன்றி சார். உங்க புகாரை மூட வேண்டியிருக்கு. பயணி ரெண்டு ஆட்சேபிக்கிறார்."

"யாரு?"

"வெள்ளத்துரை சார். இதே நம்பருக்குத்தான் கூப்பிடுவார்."

"எப்போ?"

"தினமும் சார். காலையில ஏழு மணிக்கு." குரலில் லேசான பிரியம் இருந்தது. "இன்னைக்கு எத்தனன்னு கேப்பார். எட்டு மாசமா சொல்லிட்டிருக்கோம். ரொம்ப மரியாதையான பெரியவர்."

அவன் மேஜையில் கிடந்த போனை நோக்கிக் குனிந்தான்.

"அந்தப் பழைய டிக்கெட் நீங்க போடவே இல்லைன்னு எங்ககிட்ட பதிவு இருக்கு சார். அதை அவர்கிட்ட நாங்க சொல்லல. வாடிக்கையாளர் விவரம் ரகசியம்." தட்டச்சுச் சத்தம். "நீங்க சொல்லுறீங்களா? பக்கத்துலதான் இருக்கார். இணைக்கட்டுமா?"

போனை அணைத்தான். சட்டைக்குள் சுருட்டினான். சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்தான். மகளுக்கு நிச்சயம் பண்ணப் போகிற மனிதன் செய்கிற வேலையா இது என்று ஒரு சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

தலையணைக்கு அடியில் திரை ஒளிர்ந்தது.

வெயிட்டிங் லிஸ்ட், ஒன்று.

* * *

போகாமல் இருந்துவிடலாம். போன் எதிர்முனையில் பேச்சிச்செல்வி, "கிளம்பிட்டியளா? வடிவு கேட்டுக்கிட்டே இருக்கா. தாத்தா இருந்தா எப்படி இருக்கும்னு சொல்லி ஒரே அழுகை" என்றாள். கிளம்பினான்.

பிளாட்பாரத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான். ஏறியதும் வருகிற முதல் இருக்கை வரிசை; கழிவறைக்கு மிகப் பக்கம். அவனுக்கு மேல் படுக்கை. கீழே, ஒன்றாம் எண் படுக்கை, காலியாக இருந்தது. எதிரே சாத்தான்குளத்து டீச்சர் ஒருவர், வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அதில் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க தம்பி" என்றார். ஒன்றாம் எண்ணிலேயே உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. உப்பளங்களின் வெளிச்சம் கண்ணாடியில் ஓடி மறைந்தது. ஆரஞ்சு வாசனை. ஏசியின் குளிர். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டே இருந்தான்.

டிக்கெட் பரிசோதகர் கையில் கருவியோடு வந்தார்.

"முத்துச்செல்வம்? சரி. வெள்ளத்துரை, எழுபத்தொம்பது. ஒண்ணாம் நம்பர், கன்ஃபார்ம். ஆள் எங்க?"

அவன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான்.

"வரலைன்னா சொல்லிருங்க சார். வரலைன்னு போட்டு வேற ஆளுக்குக் குடுத்திருவேன். காசு திரும்ப வேணும்னாலும் அதை வச்சுக் கேட்டுக்கிடலாம்."

அவ்வளவுதான். மூன்றெழுத்து. வரலை. அதைச் சொன்னால் அனுசியா வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், காரணம் வேண்டாம். பரிசோதகரின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது. அந்தக் கறுப்புக் கோட்டை முத்துச்செல்வம் பார்த்தான். போன வருஷம் இப்படி ஒரு கறுப்புக் கோட்டின் முன்னால்தான் அவர் நின்றார். தன் எண்ணைப் பெருமையாகச் சொன்னார். அவர் பெற்ற பிள்ளை மூன்றடி தள்ளித் திரைக்குப் பின்னால் இருந்தான்.

இன்னொரு தடவை முடியாது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"வந்திருக்காரு சார்" என்றான். "பாத்ரூம் போயிருக்காரு."

பரிசோதகர் விரலை வைத்தார். கருவி 'டிங்' என்றது. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்காக அவன் சொன்ன முதல் பொய். கண் கலங்கியது. நெஞ்சில் ஏதோ ஒன்று எட்டு மாதத்துக்குப் பிறகு இளகியது. மூச்சை விட்டான்.

வெளியே கழிவறையின் தாழ்ப்பாள் திறந்தது.

பெட்டியின் கண்ணாடிக் கதவு தானாக விலகியது. யாரும் வரவில்லை. வாசலருகே சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்த பையன், பேச்சை நிறுத்தாமலேயே, முதுகைச் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். கம்பளி அடுக்கிக்கொண்டிருந்த பணியாள் தலை நிமிராமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓரப் படுக்கையிலிருந்த பெண் நடைபாதையில் கிடந்த தன் பெட்டியை ஓரமாகத் தள்ளினாள். ஒவ்வொருவராக. மெதுவாக. வயதானவர் நடக்கிற வேகத்தில்.

பிறகு யாரும் அசையவில்லை.

எதிரே டீச்சர் உரித்த ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவனை அல்ல. அவனுக்குச் சற்று மேலே. முகத்தில் மரியாதை வந்தது.

"தம்பி, கொஞ்சம் நகந்து உக்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பாரு பாவம்."

அவன் நகர்ந்தான். கால்கள் தாமாக நகர்ந்தன.

அவன் நகர்ந்து விட்ட இடத்தில், அவன் தொடையை ஒட்டி, ரெக்ஸின் மெத்தை மெல்ல, மிக மெல்ல உள்ளே அமுங்கியது. அமுங்க அமுங்க அவன் உடம்பு அந்தப் பக்கம் சரிந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. தோள் போய் ஈரமான, சில்லென்ற ஒரு தோளில் சாய்ந்தது.

டீச்சர் புன்னகையோடு ஆரஞ்சுச் சுளை ஒன்றை நீட்டினார்.

அவர் கையிலிருந்து யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.