இன்னொரு ரிசீவர்

போன் வந்த முதல் நாளே ஜெயராணிக்கு அது பிடிபட்டுவிட்டது. கத்தாரிலிருந்து புருஷன் ராபர்ட் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம், அதோடு அவன் குரல் பாதியாக இறங்கிவிட்டது. இந்த இறக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு இருந்தபோது மாடியில் வீட்டுக்காரம்மாள் அதே லைனில் இன்னொரு போன் வைத்திருந்தாள். ஊரான் வீட்டுக் கதை கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. இவள் கீழே பேச ஆரம்பித்தால் மேலே மெதுவாக ரிசீவரை எடுப்பாள், குரல் இறங்கும்.

ஆனால் இது சொந்த வீடு. கூத்தப்பாக்கத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பை அழித்துப் போட்ட மனையில், ஃபாதர் வந்து மந்திரித்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு. செல்லில் சிக்னல் கிடைக்க வாசலுக்கு ஓட வேண்டும் என்பதாலும், மகள் ப்ரீத்தியைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேச வேண்டும் என்று ராபர்ட் ஒற்றைக்காலில் நின்றதாலும்தான் போனும் பிராட்பேண்டும் வந்தன. இருப்பது ஒரே போன். ஹாலில், மாடிப்படிச் சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

யார் எடுத்திருப்பார்கள் என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. தங்கராசு மாமாதான். ராபர்ட்டின் அண்ணன், அஸ்திவாரத்திலிருந்து கூடவே நின்று வீட்டைக் கட்டியவர், போன் ஒயருக்குச் சுவருக்குள் பைப் பதித்தபோதும் நின்றவர். அவர் வீடு இரண்டு மனை தள்ளித்தான். ஒரு ஒயரை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்வது அவருக்கு ஒரு வேலையா?

சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாம் பொருந்திப்போகும். ஜனவரியில் ஊரோடு வந்துவிடும்படி அவள் போனில் ராபர்ட்டிடம் கெஞ்சினாள். மறுநாள் காலையில் மாமா வாசலில் நின்று, தம்பி ஜனவரியில் வந்துவிடுகிறானாமே என்று கேட்டார். ராபர்ட்டே சொல்லியிருக்கலாம். அப்படி நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம் அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் குரல் இறங்கியது. ராபர்ட் வைத்த பிறகும் அவள் வைக்கவில்லை. யாராவது இருமினால்கூடப் போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, காயாத சிமெண்டும் பெயிண்டும் கலந்து வீடெங்கும் அடித்த அந்த ஈர வாசனையில், மூச்சை அடக்கிக் கேட்டாள். முதலில் கூரைத் தகரம் எதிலோ மழை அடிப்பதுபோல ஒரு இரைச்சல், அதற்குள் ஒரு கடிகாரம், அதற்கும் பின்னால் யாரோ ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லும் சத்தம். சமையலறையில் குக்கர் விசிலடித்தது. ரிசீவருக்குள்ளும் அடித்தது. சாப்பாட்டு மேசையில் ப்ரீத்தி ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தினாள். ரிசீவருக்குள்ளும் நின்றது.

அந்தப் போன் மாமா வீட்டில் இல்லை. இந்த வீட்டுக்குள் எங்கேயோ இருந்தது. அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பிராட்பேண்டும் அடிக்கடி அறுந்துபோகவே, அடுத்த நாள் லைன்மேன் கலியமூர்த்தி வந்தார். மோடத்தைப் பார்த்தார், கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார், எக்ஸ்சேஞ்சில் யாரிடமோ லைனைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். வந்த பதிலைக் கேட்டு நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"ஊட்டுக்குள்ளயே இன்னொரு போன் இருக்குதும்மா. அத எடுக்குறப்பல்லாம்தான் நெட்டு அறுந்துபோவுது."

படிக்கட்டுச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அவர் போடாத ஒயர் ஒன்று கிளை பிரிந்து படிக்கட்டின் அடிப்பக்கம் போயிற்று. படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் இருந்ததும், கட்டும்போதே மாமா அதைச் செங்கல் வைத்து மூடிப் பூசச் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏன் மூடினார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கலியமூர்த்தி சுவரில் தட்டினார். உள்ளே காலி என்பதுபோலப் பொக்கென்று கேட்டது. அவர் அதற்குமேல் தட்டவில்லை. நாளைக்கு வெளிச்சுவர் வழியாகப் புது ஒயர் இழுத்துத் தருவதாகவும், அதுவரை கம்பத்திலேயே கழற்றி விடுவதாகவும் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பினார்.

ஜெயராணி நேராக மாமா வீட்டுக்குப் போனாள். சிதம்பரத்தில் லேப் வேலை முடிந்து அவள் திரும்பும்வரை ப்ரீத்தி தினமும் அங்கேதான் இருப்பாள்; லைன்மேனுக்காக இவள் லீவு போட்ட அன்றும் அங்கேதான் போயிருந்தாள். மாமா மனைவி ஆரோக்கியம்மாள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நாங்க பேசுறத கேட்டது போதும் மாமா. புள்ளைய இனிமே இங்க விடமாட்டேன்."

அவர் சண்டைக்கு வரவில்லை. என்ன கேட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன வேணா நெனச்சிக்கம்மா. புள்ளைய மட்டும் அந்த ஊட்டுல தனியா உடாத."

மிரட்டிப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஒட்டுக்கேட்பதற்குப் படியடியில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், அகப்பட்டதும் குழந்தையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். ப்ரீத்தியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் குழந்தையின் கழுத்தில் ஒரு சாவியை மாட்டி, ஸ்கூல் ஆட்டோ இறக்கிவிட்டதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவேண்டும், பெரியப்பா வந்தாலும் திறக்கக்கூடாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

திரும்பும்போது நல்ல மழை. பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து அவள் வீடு சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. கலியமூர்த்தி வந்த சுவடும் இல்லை, கம்பத்தில் ஒயர் அவர் கழற்றிவிட்டபடியே தொங்கியது.

கிரில் கேட்டில் பூட்டு உள்ளேயிருந்து போட்டபடி இருந்தது. அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. கையை உள்ளே விட்டுத் தன் சாவியால் திறந்தாள்.

ஈர ஷூ. புத்தகப் பை. பாதி கடித்த பிஸ்கட்.

கூப்பிட்டாள். பதில் இல்லை. படுக்கையறை. குளியலறை. மொட்டை மாடிக் கதவு, தாழ் போட்டபடி. கட்டிலுக்கு அடியில் செல்லின் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஹாலுக்கு வந்தாள். ரிசீவர் ஸ்டூலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. எப்படி இருக்கும்.

மூச்சு கேட்டது.

சின்ன மூச்சு. அழுது ஓய்ந்த குழந்தையின் மூச்சு.

"ப்ரீத்தி?"

அவள் கூப்பிட்டது ரிசீவருக்குள்ளும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல. அப்புறம், மிகக் கிட்டத்தில்:

"பேசாதம்மா. அது கேக்குது."

டார்ச்சைச் சுவரில் அடித்தாள். பூச்சு அப்படியே இருந்தது. ஒரு விரிசல் இல்லை. இளம்பச்சைப் பெயிண்டில், ஒரு குழந்தையின் வாய் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரிந்தது. சுருங்கியது. ரிசீவரில் மூச்சு வந்தபோது விரிந்தது. அடங்கியபோது சுருங்கியது.

அவள் முழங்காலிட்டு அதன்மேல் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் வெளிச்சம் மேலே போயிற்று. அவள் நின்றாலும் எட்டாத உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இன்னொரு ஈரம். அது சுருங்கவில்லை. மெதுவாக, சுவரோடு சுவராக, சின்னதை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது.