கழுவாத தொட்டி

"கருப்பட்டித் தண்ணிய யாரு தொட்டியில ஊத்தினது?"

கடைக்காரர் கேட்டதும் பிரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள்... முடியவில்லை. நாகர்கோவிலில் காலையிலிருந்து விடாத மழை. வீட்டுச் சாமான் விற்கும் அந்தக் கடையில், காபி மெஷின் வாங்க வந்த அவளையும், பழுதான மெஷினோடு நின்ற அந்த உயரமானவனையும் தவிர வேறு ஆளே இல்லை. சிரிப்பு நன்றாகவே கேட்டது.

அவன் திரும்பினான். ஈரமான கண்கள்... மழையா, வேறெதுவுமா?

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"தண்ணி மட்டுந்தான ஊத்தணும்? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"எனக்க அம்மைக்குத் தெரியாது. கருப்பட்டி கொதிச்ச தண்ணியிலதான் அவளுக்குக் காப்பி. நான் டூட்டி முடிஞ்சு வந்ததும் சூடா குடிக்கணும்னு இதுலயும் ஊத்திட்டா. அடைச்சிட்டு... காப்பி வரல்ல. மறுநாள் அம்மையும் இல்ல."

பிரீனாவின் சிரிப்பு எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்கு எப்போதும் தொண்டையில் சிக்கும். அப்படி ஒரு வீம்பு.

கடைக்காரர் தொட்டியைக் கழற்றிக் குழாயடிக்கு எடுத்துப் போனார்.

"அண்ணாச்சி, கழுவாண்டாம்!" பாய்ந்து வாங்கிக்கொண்டான் அவன். "சரியாக்கத்தான் கொண்டு வந்தேன்... முடியல்ல. இப்படியே இருக்கட்டு."

அடியில் படிந்திருந்த கருப்பட்டியை அவன் விரல் தடவியது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, கைக்கு அகப்பட்ட மெஷினை எடுத்துப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"அதை வாங்காண்டாம்" என்றான் அவன். "யாருக்கு?"

"அப்பாவுக்கு. அம்மா போய் வருஷமாச்சு. அப்பாவுக்குக் கை நடுங்கும், அடுப்புப் பக்கம் விட முடியாது. நான் வெள்ளிக்கிழமை குவைத்துக்குப் போறேன், நர்ஸ் வேலைக்கு."

"அப்போ இது. மட்டமும் இல்ல, ரொம்ப விலையும் இல்ல. ஒரே பட்டன், தானா அணையும். ஸ்டீல் ஜக்கு, கை தவறினாலும் உடையாது. வேணும்னா நான் வந்து அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கேன். எனக்க பேரு விபின், ராஜாக்கமங்கலம்தான்."

அவளுக்கும் அதே ஊர்தான். ஆனாலும், "வேண்டாம், எனக்கே தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவன் காட்டிய மெஷினையே வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். பேருந்தில் வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. சமையலறையில் அப்பா ஜான்ரோஸ் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"மக்கா, நாளைக்குப் போறியே... ஒனக்கு அம்ம போடுத மாதிரி காப்பி போட்டேன். பாதியில நின்னுட்டு."

தொட்டியைத் திறந்தாள். கருப்பட்டித் தண்ணீர்!

அவ்வளவு சொல்லியும்... கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். ஜக்கில் பாதிக் கப் காபி ஆவி பறக்க இருந்தது. அவளுக்காக வந்த காபி. அங்கே ஒருவனுக்கு அதுவும் வரவில்லையே...

கடைக்குப் போன் போட்டு, அவனுடைய நம்பரை வாங்கினாள்.

"விபினா? நான் பிரீனா. அன்னைக்குக் கடையில சிரிச்சேன்லா... மன்னிச்சிருங்க. அப்பாவும் கருப்பட்டித் தண்ணிய ஊத்திட்டாங்க. எனக்கும் ராஜாக்கமங்கலம்தான், சர்ச்சுக்குப் பின்னால வீடு. ஒரு தடவை வாறியளா?"

நனைந்துகொண்டே வந்தான். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். பாதிக் கப்பைச் சூடாக்கி நீட்டினாள்.

"குடிங்க. பிள்ளைக்குன்னு போட்டது."

ஒரு வாய் குடித்தான்... அடுத்த வாய் இறங்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பா பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதான். அம்மை போனதிலிருந்து அவன் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

அப்பா மெல்ல வெளியே போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலை நினைவு வந்து, அவன் தொட்டியைக் கழுவ எடுத்தான். பிரீனா அவன் கையைப் பிடித்தாள்.

"கழுவாண்டாம்."

"அப்போ அப்பாவுக்குக் காப்பி?"

"நீங்க வந்து போட்டுக் குடுங்க... அடுப்புல."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம். அதுக்கு முன்ன லீவு கிடையாது." பிடித்த கையை அவள் விடவில்லை. "போகாம இருக்கவும் முடியாது விபின். ஆனா எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்லாம விமானம் ஏறினா, அங்க போய் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது."

அவன் தொட்டியை அலமாரியில் பத்திரமாக வைத்தான்.

"போயிட்டு வா, பிரீனா. அப்பாவுக்கு நான் இருக்கேன்."