அணைந்த டேப்லெட் சொன்ன பதில்

வியாழக்கிழமை காலை 10.40. ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, மூன்றாம் மாடியில் இயங்கிய ராஜம் டெக்னாலஜீஸின் கூட்ட அறை. மேசை நடுவில் மல்லாந்து கிடந்தது அந்த டேப்லெட். திரை பளிச்சென்று எரிந்தது. மூலையில் விசிறி மாதிரி தெரிய வேண்டிய வைஃபை அடையாளத்தை மட்டும் காணவில்லை.

"போயிடுச்சா?" என்றார் முதலாளி செல்லப்பா.

"போயிடுச்சு சார்." துக்க வீட்டு வாசலில் நிற்பவன் குரலில் சொன்னான் தினேஷ்.

2011ஆம் வருஷம் அது. சீனாவிலிருந்து மலிவான டேப்லெட்டுகளை வரவழைத்து, அவற்றில் இருக்கிற ஆண்ட்ராய்டைக் கழற்றிவிட்டு, தமிழும் தெலுங்கும் கட்டம் கட்டமாக உடையாமல் ஒழுங்காகத் தெரியும்படி புதிதாக ஒன்றைத் தைத்துப் போடுவதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். மாதிரிக்கு வந்தவை இரண்டு. ஒன்றைச் செல்லப்பா தன் மனைவி ராஜத்துக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். மற்றது மேசையில் கிடந்தது. வைஃபை சிப்புக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவே நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைக்கிற டிரைவர் என்ற மென்பொருள், தினேஷ் கையால் எழுதியது. திங்கட்கிழமை முதல் அது செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அன்று மூன்று மணிக்கு ஒரு பள்ளிக்கூடக் குழுமத்தின் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் ஐயாயிரம் டேப்லெட்டுக்கு ஆர்டர். பாடங்கள் எல்லாம் ஆபீஸ் சர்வரில் இருந்தன. ஆபீஸ் வைஃபை இல்லாமல் அவற்றை எடுக்க வழியில்லை.

"மூணு மணிக்கும் இது இப்படி மல்லாந்துச்சுன்னா, தினேஷ், நாலு மணிக்கு நீ உன் சாமான எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்" என்றார் செல்லப்பா.

தினேஷுக்கு ஆவணியில் கோவில்பட்டியில் கல்யாணம். பெண்ணின் அப்பா மாதாப்பூருக்கே நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனவர். பல் ஆஸ்பத்திரி போர்டு படத்தில் விழக்கூடாது என்று, பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வேலை போனால் கல்யாணமும் போகும்.

"இது தானா சாகல" என்றார் செல்லப்பா, சுவரோரம் நின்ற ஃபெலிக்ஸைப் பார்த்துக்கொண்டே. "யாரோ கொன்னிருக்காங்க. ரோஸ்லின், தயிர் கேஸ் மாதிரி இதையும் நீயே பாரு."

ரோஸ்லின் நாகர்கோவில்காரி. டெஸ்டிங் பிரிவு. அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் தினமும் தயிர் காணாமல் போன விவகாரத்தை இரண்டே நாளில் முடித்துவைத்து, தயிரை எடுத்த ஆடிட்டர் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுவரும் வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தவள்.

10.55. முதலில் ஃபெலிக்ஸ். வேறொரு கம்பெனிக்குத் தாவப்போகிற திருச்சிக்காரன்.

"எப்ப பேப்பர் போட்டீங்க?"

"பத்து நாளாச்சு."

"டிரைவர்ல கை வெச்சீங்களா?"

"என் லாகின அன்னைக்கே புடுங்கிட்டாரு. இப்ப எனக்கு உரிமை இருக்கறது காபி மெஷின்ல மட்டும்தான்."

"போறதுக்கு முந்தி ஏதாவது வெடிய உள்ள சொருகி வெச்சீங்களா?"

"அவ்வளவு வேலை செய்யறவனா இருந்தா எனக்கு எதுக்குங்க இன்க்ரிமெண்ட் இல்லைன்னு சொல்லியிருப்பாரு?"

"செவ்வாக்கிழமை எங்க இருந்தீங்க?"

"இங்கயேதான். நாள் முழுக்க."

"அன்னைக்கு டேப்லெட்?"

"நல்லா இருந்துச்சு. சார் செகந்திராபாத் போயிருந்தாரு. ஆபீஸே நல்லாத்தான் இருந்துச்சு."

ரோஸ்லின் சிரித்துவிட்டு அவனை விட்டுவிட்டாள்.

11.30. தினேஷையும் டேப்லெட்டையும் கூட்டிக்கொண்டு கீழே இரானி டீக்கடைக்குப் போனாள். தினேஷ் தன் செல்போனிலிருந்து வைஃபை கொடுத்தான். விசிறி உடனே விரிந்தது. ஒரு டீ, இரண்டு உஸ்மானியா பிஸ்கட், இன்னொரு டீ. விசிறி அசையவில்லை.

"என்னக்கா இது? வெளிய வந்தா பொழைச்சுக்கிடுது!"

"மக்கா, அப்ப டிரைவர்ல நோய் இல்ல, கேட்டியா? வீட்டுலயாக்கும் நோய்."

மேலே வந்து செல்லப்பாவிடம் சொன்னான் தினேஷ். "அப்போ பார்ட்டிய டீக்கடையில உக்கார வெச்சு டெமோ காட்டலாமா?" என்றார் அவர்.

12.15. சுபாஸ்ரீ. ஆபீஸ் நெட்வொர்க் அவள் ராஜ்ஜியம். இதே நகரத்தின் குஷாய்குடாவில், பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஊழியர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வீட்டு விசேஷங்களுக்கு எடுக்கிற பட்டுப்புடவை மாதிரி; மற்ற நேரம் ஹைதராபாத் உருது கலந்துதான் வரும்.

"உன் வைஃபைல கோளாறா?"

"நக்கோ அக்கா, இல்லவே இல்ல! இருபது லாப்டாப் ஓடுது. எது மேலயாச்சும் கம்ப்ளெய்ன்ட் உண்டா? இந்த ஒரு டப்பா மட்டும் ஏறுது, இறங்குது, ஏறுது."

"வெளியாள் யாராவது உள்ள நுழைஞ்சு கெடுத்தா?"

"சான்ஸே இல்ல. பாஸ்வேர்ட் மட்டும் பத்தாது. ஒவ்வொரு டப்பாக்கும் பிறவி நம்பர் ஒண்ணு இருக்குல்ல, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி? நான் எழுதி வெச்ச நம்பர்தான் உள்ள வரும். மத்ததெல்லாம் கேட்லயே கட்."

"தினேஷோட டேப்லெட் நம்பர்?"

"அத கேக்காதீங்க! அந்த சீனா சிப்புக்கு நம்பரே கிடையாதாம். ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் புதுசா ஒண்ணு அதுவே வெச்சுக்கும். அவன் டெய்லி வந்து, 'சுபா, இந்த நம்பர சேரு, சுபா, அந்த நம்பர சேரு'ன்னு என் உயிர வாங்குவான். கைக்கு, எதுக்குடா இந்தத் தொல்லைன்னு ஒருநாள் கத்திட்டேன். ரெண்டு வாரமா வரதில்ல. நிம்மதி."

"ஏன் வரதில்ல?"

"யாருக்குத் தெரியும்? நான் கேக்கலியே."

நெட்வொர்க் அறைக்கு வெளியே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்லப்பா பள்ளிக்கூடக்காரர்களுக்கான ஒப்பந்தத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதையும் எடுத்தார்.

"சார், காலிப் பக்கம்" என்றாள் ரோஸ்லின்.

"இருக்கட்டும். இருபது வருஷம் பப்ளிக் செக்டார்ல இருந்தவன் நான். நகல்னா ஒரு புள்ளி விடாம வரணும். விட்டா அது நகல் இல்ல, சுருக்கம்."

அவர் தலைக்கு மேலே, அவரே ஒட்டவைத்த அறிவிப்பு தொங்கியது: 'நம் மென்பொருள் இந்த ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. மீறுபவர்கள் மீது நடவடிக்கை.'

1.00. செல்லப்பா தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொண்டாப்பூரில் இருந்த வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார். கார் தெருமுனையைத் தாண்டியிருக்கும். கூட்ட அறையிலிருந்து தினேஷின் கூச்சல் கேட்டது.

"வந்துருச்சு! யக்கா, வந்துருச்சு!"

எல்லோரும் ஓடினார்கள். விசிறி முழுதாக விரிந்து நின்றது. பாடம் ஓடியது. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று ஒரு பெண்குரல் விளக்கிக்கொண்டிருந்தது.

"சார் வந்தா போகுது, சார் போனா வருது" என்றாள் சுபாஸ்ரீ. "ஹவ், ஆமா, ராசி அப்படி!"

"மூணு மணிக்கு அவர மட்டும் வீட்டுலயே வெச்சுக்கச் சொல்லுங்க ராஜம் மேடத்த" என்றான் ஃபெலிக்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. திங்கள், போனது. செவ்வாய், நன்றாக இருந்தது. புதன், போனது.

2.05. செல்லப்பா திரும்பி வந்து பையை நாற்காலியில் மாட்டினார். தவளைப் பாடம் மூன்றாவது அறையில் திக்கி நின்றது.

"தினேஷ், டேப்லெட்ட அணை" என்றாள் ரோஸ்லின்.

"அணைச்சுட்டேன்."

"திரைய இல்லடே. முழுசா."

பித்தானை அழுத்திப் பிடித்து அதன் மூச்சை நிறுத்தினான் தினேஷ். ரோஸ்லின் தன் லாப்டாப்பில் ஒரு கட்டளையைத் தட்டினாள். நெட்வொர்க்கில் உள்ள ஒரு கருவியை அதன் முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டு, 'இருக்கிறாயா?' என்று விசாரிக்கிற கட்டளை. அந்த டேப்லெட்டின் முகவரியையே கொடுத்தாள்.

பதில் வந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

தினேஷ் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். கன்னங்கரேலென்று கிடந்தது. "யக்கா! செத்தது பேசுது!"

"மக்கா, ரெண்டு வாரமா நீ சுபாகிட்ட நம்பர் சேக்கச் சொல்லிப் போகல. ஏன்?"

தினேஷ் தலையைச் சொறிந்தான். பிறகு அவள் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தான். ரோஸ்லின் லாப்டாப்பை மூடினாள்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுட்டு. எல்லாரையும் கூப்பிடு."

"யாருக்கா?"

சொன்னாள். தினேஷ் வெளிறிப்போனான். "யக்கா, பேரச் சொல்லாதீங்க. எனக்கு மட்டும்தான் வேலை போகும்னு இருக்கு. உங்களுக்கும் சேத்துப் போயிரும்!"

2.25. கூட்ட அறை. செல்லப்பா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பை அவர் நாற்காலியில் தொங்கியது.

"சார், டிரைவர் சாகல" என்று ஆரம்பித்தாள் ரோஸ்லின். "டீக்கடையில நல்லா ஓடிச்சு. ஆபீஸ் வைஃபையும் சாகல, மத்த லாப்டாப் எல்லாம் ஓடுது. ரெண்டும் நல்லா இருந்தும் சேந்தா சண்டை. ஏன்னா, நம்ம டேப்லெட்டுக்கு ஒரு இரட்டைப் பிள்ளை இருக்கு."

"என்னது?"

"ஒரே நம்பர் பிளேட் போட்ட ரெண்டு ஆட்டோ. ஒண்ணு கேட்டுக்குள்ள இருக்கும்போது இன்னொண்ணு வந்தா, வைஃபைக்கு எது எதுன்னு தெரியாது. ரெண்டையும் மாத்தி மாத்தித் தள்ளும். டேப்லெட்ட முழுசா அணைச்ச பிறகும் அதோட முகவரியில பதில் வருது. அப்ப அந்த இரட்டை இப்பவும் இந்தக் கட்டடத்துலதான் இருக்கு, ஆன்ல இருக்கு."

"அது எப்படி? நான் அணைச்சுத்தானே வெச்சிருக்கேன்!" என்றார் செல்லப்பா.

ஃபெலிக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். செல்லப்பா தாம் சொன்னதைத் தாமே மெதுவாகக் கேட்டு முடித்தார்.

"திரையத்தான் அணைச்சிருப்பீங்க சார்" என்றாள் ரோஸ்லின் மரியாதையாக. "டெஸ்டிங் வசதிக்காகத் திரை அணைஞ்சாலும் வைஃபை தூங்காம தினேஷ் வெச்சிருந்தான். அதுவும் நீங்க மேடம் டேப்லெட்டுக்கு எடுத்த நகல்ல வந்துட்டு. பாஸ்வேர்டும் வந்துட்டு. நம்பரும் வந்துட்டு. வேற யாரும் எடுத்திருந்தா வேண்டியத மட்டும் எடுத்திருப்பாங்க. காலிப் பக்கத்தையும் விடாம எடுக்கறவரு இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான். நீங்க இருக்கறப்ப வைஃபை போச்சு, இல்லாதப்ப வந்துச்சு. எல்லாரும் அத உங்க ராசின்னு நெனச்சு சிரிச்சோம்."

செல்லப்பா பையைத் திறந்து டேப்லெட்டை எடுத்து மேசையில் வைத்தார். பூப்போட்ட உறை. தட்டியதும் ஒரு தொடர்கதையின் நாற்பத்தோராவது அத்தியாயம் அழகான தமிழ் எழுத்தில் விரிந்தது.

"ராஜம் கேட்டா" என்றார். "எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது, ஊருக்கெல்லாம் தமிழ் போட்டுக் குடுக்கறீங்க, எனக்குக் கிடையாதான்னு. கம்பெனியே அவ பேர்ல இருக்கு, என்னன்னு பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமை வந்து எடுத்தேன். பையன் இன்டர் ரெண்டாம் வருஷம், நம்ம ஊர் பிளஸ் டூ, வீட்டுல நெட்ட கட் பண்ணியாச்சு. அதான் இங்க வந்து இறக்கறேன். மத்தியானம் ஒரு அத்தியாயம், ராத்திரி ஒரு அத்தியாயம்."

"அப்ப நான் திருடன் இல்லைல்ல?" என்றான் ஃபெலிக்ஸ்.

"அதெல்லாம் இருக்கட்டும்." செல்லப்பா நிமிர்ந்தார். "சிப்புக்கு நம்பரே கிடையாது, தெனம் மாறும்னு தினேஷ் சொல்லியிருக்கானே? அப்புறம் எப்படி ரெண்டுக்கும் ஒரே நம்பர் வந்துச்சு?"

எல்லோரும் தினேஷைப் பார்த்தார்கள்.

"சுபா கத்துனா சார்" என்றான் அவன். "தெனம் போய் நிக்க வெக்கமா இருந்துச்சு. அதான் அவ கடைசியா சேத்த நம்பரையே உள்ள எழுதி வெச்சுட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் எடுத்துரலாம்னு."

"எடுத்தியா?"

"மறந்துட்டேன் சார்."

"சார், அதான் பெரிய விஷயம்" என்று குறுக்கிட்டாள் ரோஸ்லின். "இதே மென்பொருளத்தான் ஐயாயிரத்துலயும் ஊத்தப் போறோம். ஐயாயிரமும் ஒரே நம்பர். ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க ஒண்ணா ஆன் பண்ணியிருந்தா ஒண்ணுகூட ஓடியிருக்காது. நம்மகிட்ட ஒரே ஒரு டேப்லெட்தான் இருந்துச்சு. அதனால டெஸ்டிங்ல எனக்கும் தெரியல. நீங்க ரெண்டாவது ஒண்ணு கொண்டாந்ததாலதான் பிடிபட்டுச்சு."

செல்லப்பா முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ நான் பண்ணினது திருட்டு இல்ல. டெஸ்டிங்!"

"ஆமா சார். டெஸ்டிங்னா ரிப்போர்ட் எழுதணும். யாரு எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, எந்தக் கதை படிச்சாங்கன்னு. எழுதி அக்ரிமெண்டோட சேத்து பார்ட்டிகிட்ட குடுத்துடவா? ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து?"

செல்லப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் தினேஷைப் பார்த்தார்.

"கல்யாணம் என்னிக்குன்னு சொன்னே?"

"ஆவணி கடைசி முகூர்த்தம் சார்."

"பத்து நாள் லீவு எடுத்துக்கோ. போதுமா? போதாதா? சரி, பதினஞ்சு. இப்ப முதல்ல அந்த நம்பர மாத்துடா!"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது டேப்லெட்டில் தினேஷ் ஒரு இலக்கத்தை மாற்றினான். சுபாஸ்ரீ முணுமுணுத்துக்கொண்டே அதைக் கேட்டில் சேர்த்தாள். ஐயாயிரத்துக்கும் தனித்தனி நம்பர் தானாகவே விழுகிற மாதிரி அந்த வாரத்துக்குள் எழுதித் தருவதாகவும் தினேஷ் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டான்.

3.00. பள்ளிக்கூடக்காரர்கள் வந்தார்கள். மேசையில் இரண்டு டேப்லெட்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, இரண்டும் விசிறியை விரித்து, தவளையின் இதயத்தை ஒரே நேரத்தில் பிளந்து காட்டின. அவர்களுடைய தலைவி, கறாரான ஒரு தெலுங்கு அம்மாள், மூக்குக்கண்ணாடியை இறக்கி ஆங்கிலத்தில் கேட்டார்: ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உபயோகித்தால் கோளாறு வராதே? அதைச் சோதித்துப் பார்த்தீர்களா?

"பார்த்தோம் மேடம்" என்றார் செல்லப்பா மார்பை நிமிர்த்தி. "அந்தச் சோதனையை நானே, என் சொந்தக் கையால்..."

ரோஸ்லின் இருமினாள்.

"...என் டீமின் உதவியோடு" என்று முடித்தார் செல்லப்பா.